ஒரு டன் கல்லில் எத்தனை பவுன்? கோலார் தங்கவயலைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர் போட்டபோது எழுநூறு அடிக்குக் கீழே வந்த வெள்ளைத் தூளில் என்னமோ மினுமினுத்தது. சித்தப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு கைப்பிடித் தூளைத் தினத்தாளில் மடித்துக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் கோவை பெரிய கடை வீதிப் பக்கம் இருந்த தெரிந்த ஆசாரியிடம் போய்விட்டார். ஆசாரி பொட்டலத்தைப் பிரித்தார், விரல் நுனியில் தொட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், "காக்காப்பொன்னுங்க" என்று அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சித்தப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "அப்புறம் கேஜிஎஃப்ல மட்டும் எப்படிங்க தங்கம் மின்னிக்கிட்டுக் கெடக்குது?" ஆசாரி சிரித்துவிட்டுத் தன் பட்டறைத் தரையைக் காட்டினாராம். "இந்தத் தூசில இருக்கிற அளவுகூட அங்க கல்லுல இல்லைங்க."

ஆசாரி சொன்னது உண்மை. ஆனால் கேஜிஎஃப் சினிமா வந்த பிறகு, அந்தப் பெயரில் அழைக்கப்படும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் பற்றி டீக்கடையில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் பேசப்படுவதைக் கேட்டால், மண்ணைக் கிளறினால் கட்டி கட்டியாகத் தங்கம் வந்த மாதிரியும், வெள்ளைக்காரன் மொத்தத்தையும் சுரண்டிக்கொண்டு போனதும் ஊர் காலியான மாதிரியும்தான் இருக்கிறது. தங்கம் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த ஊர் ஏன் அப்படி ஒரு விநோதமான வடிவத்தில் கட்டப்பட்டது, ஏன் மூடப்பட்டது என்பது தானாகவே விளங்கிவிடும். அதற்கு ஆசாரியின் தரையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

## பட்டறைத் தூசி

நகைப் பட்டறையில் அரம் போடும்போதும் மெருகு ஏற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத பொடி உதிரும். அதனால்தான் அங்கே தரையைக் கூட்டிய குப்பையைக் கொட்டுவதில்லை, கை கழுவிய தண்ணீரைக்கூடத் தொட்டியில் தேக்கி வைப்பார்கள். சேர்ந்த தூசியை விலை பேசி வாங்கிப்போக ஆள் வரும். அதை எரித்து, அரைத்து, தண்ணீரில் அரித்து, உள்ளே இருக்கும் தங்கத்தைப் பிரித்து எடுப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, விலை பேசும்போது யார் கண்ணுக்கும் தங்கம் தெரியாது. ஒரு கிலோ தூசியில் எவ்வளவு தேறும், அதைப் பிரிக்க எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு மட்டும்தான்.

சுரங்கமும் இதே கணக்குத்தான். பிரித்தெடுத்தால் செலவு போக மிச்சம் நிற்கும் அளவுக்கு உலோகம் இருக்கும் கல்லுக்குத் தாது என்று பெயர். ஒரு டன் தாதுவில் எத்தனை கிராம் தங்கம் என்பதுதான் அதன் தரம். இந்த இரண்டு சொல்லும் போதும்.

கோலார் தங்கவயலில் நூற்றுச் சொச்சம் வருஷத்தில் சுமார் 5 கோடி டன் கல்லை உடைத்து, 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்தார்கள். வகுத்துப் பாருங்கள், டன்னுக்குச் சராசரியாக 16 கிராம் வரும், நம் கணக்கில் இரண்டு பவுன். ஒரு டன் கல் என்பது இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு சதுரப் பாறை. இரண்டு பவுன் தங்கம் ஒரு பெரிய கொண்டைக்கடலை அளவு. அந்தக் கடலையையும் பொடியாக்கி அந்தப் பாறை முழுக்கத் தூவிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் உலகத்திலேயே பணக்காரச் சுரங்கங்களில் ஒன்றின் கல். (பவுன் என்று நாம் சொல்வதே வெள்ளைக்காரனின் ஒரு பவுண்டு தங்க நாணயத்தின் பெயர்தான், அதன் எடை 8 கிராமுக்கு ஒரு துளி குறைவு.)

## வெங்கச்சாங்கல்லும் உப்புத் தண்ணியும்

நம் செம்மண் காடுகளில் உழும்போது கலப்பையில் இடறுகிற வெள்ளைக் கல்லை வெங்கச்சாங்கல் என்போம். குவார்ட்ஸ் என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். கோலாரில் தங்கம் இருந்ததும் இந்தக் கல்லுக்குள்தான்.

அது அங்கே எப்படிப் போனது என்பதற்கு நம் வீட்டுக் குண்டாவைப் பார்த்தால் போதும். போர்த் தண்ணியைத் தினமும் காய்ச்சினால் அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக உப்புப் படிகிறது அல்லவா? 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு வெகு ஆழத்தில், பாறை வெடிப்புகளின் வழியாகக் கொதிக்கும் நீர் மேலே ஏறியது. சூடும் அழுத்தமும் குறையக் குறைய, அதில் கரைந்திருந்தவை வெடிப்பின் ஓரங்களில் படிந்து வெடிப்பை அடைத்துவிட்டன. பெரும்பகுதி வெங்கச்சாங்கல், அதனோடு மிகச் சொற்பமாகத் தங்கம். இப்படி அடைபட்ட வெடிப்பைத் தங்க ரேகை என்று சொல்லலாம். ஆங்கிலேயர்கள் ரீஃப் என்றார்கள், சாம்பியன் ரீஃப் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

ரேகை என்பது பரப்பி வைத்த படுகை கிடையாது. பாறைக்குள் செங்குத்தாகச் செருகிய ஒரு பலகை மாதிரி, மேலே மெல்லிய கோடாகத் தெரியும், அகலம் சில அடிகள்தான், ஆழம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கோலாரில் அந்தக் கோடு தெற்கு வடக்காகச் சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. இதை மட்டும் மறக்காதீர்கள், ஊரின் வடிவம் முழுக்க இந்தக் கோட்டில்தான் தொங்குகிறது.

அப்புறம், வெங்கச்சாங்கல் இருக்கும் இடமெல்லாம் தங்கம் இருக்காது. சித்தப்பாவின் காக்காப்பொன் என்பது மைக்கா, ஏடு ஏடாக உரியும், கைக்குக் கனமே தெரியாது. காங்கேயம் என்ற சொல்லுக்கே தமிழ் அகராதியில் பொன் என்று ஒரு பொருள் இருப்பதும், ஆதித்த சோழன் கொங்கிலிருந்து கொண்டுபோன பொன்னால் தில்லைச் சிற்றம்பலத்துக்குக் கூரை வேய்ந்தான் என்று பழைய பாட்டு சொல்வதும் சித்தப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது நல்லது. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு போர் போட்டிருப்பார்.

## பந்தலூரில் கோட்டை விட்டது

வெற்றி பெற்ற ஊரைப் பார்க்கும் முன், தோற்ற ஊரைப் பார்த்துவிடலாம். நமக்கு இதுதான் பக்கம். மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் தாண்டினால் தேவாலா, பந்தலூர். இன்று தேயிலைத் தோட்டம். 1879லிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் லண்டன் பங்குச் சந்தையே இந்த ஊர்களின் பெயரைச் சொல்லிப் பித்துப் பிடித்துத் திரிந்தது.

அங்கே மலைவாழ் மக்கள் காலங்காலமாக ஓடை மணலை அரித்துத் தங்கம் எடுத்து வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் அனுபவம் பெற்ற பிரோ ஸ்மித் என்ற நிபுணரை அரசாங்கம் வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1880ல் வெளிவந்தது, நம்பிக்கை தரும் விதமாக. அவ்வளவுதான், நாற்பதை ஒட்டிய கம்பெனிகள், 50 லட்சம் பவுண்டு அளவுக்கு முதல். இயந்திரங்களை மாட்டு வண்டியில் மலை ஏற்றினார்கள், பங்களா கட்டினார்கள். கல்லை உடைத்துப் பார்த்தால் பல இடங்களில் டன்னுக்கு ஒருசில கிராம்தான். 1882க்குள் பெரும்பாலானவை படுத்துவிட்டன. வைத்துவிட்டுப் போன இயந்திரங்கள் புதருக்குள் துருப்பிடித்தன.

தங்கம் அங்கேயும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை நம்பித் திருட்டுத்தனமாகக் குழி தோண்டி மண் சரிந்து மாட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இல்லாமல் போனது தரம். இருப்பது வேறு, தேறுவது வேறு என்று மஞ்சள் மண்டி வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, லண்டன்காரர்களுக்குத்தான் அது 50 லட்சம் பவுண்டுக்கு அப்புறம் தெரிந்தது.

## கோலாரில் நடந்தது

அங்கேயும் வெள்ளைக்காரர்தான் தங்கத்தைக் கண்டுபிடித்தார் என்பது சரியில்லை. 1802ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி நில அளவைக்கு வந்தபோதே, உரிகம், மாரிகுப்பம் பக்கம் ஊர் மக்கள் தங்கம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். யார் எப்போது வெட்டியது என்று தெரியாத பழைய குழிகளும் இருந்தன. எழுபது வருஷம் கழித்து, நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் ஓய்வாக இருந்த லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு 1873ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். அவர் கையில் அவ்வளவு பணம் இல்லை. உரிமை கை மாறி, 1880ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது.

அடுத்த நாலைந்து வருஷம் கோலாரும் பந்தலூர் வழியில்தான் போனது. டெய்லர் நிர்வகித்த மைசூர் சுரங்கக் கம்பெனியின் பணம் கிட்டத்தட்டத் தீர்ந்து, மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. அப்போது பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன், அந்தப் பழைய குழி ஒன்றின் அடிக்குப் போய், அதற்கும் கீழே வெட்டினார். பழைய ஆட்கள் தண்ணீர் ஊற்றெடுத்ததால் நிறுத்திய இடம். அதற்கு அடியில் சாம்பியன் ரேகை கிடைத்தது. ஆரம்ப வருஷங்களில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து பவுன். லண்டன்காரர்களைக் காப்பாற்றியது ஒரு விதத்தில் பெயர் தெரியாத நம் ஆட்களின் கிணறு.

இதுவரை சொன்னதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: பாறைக்குள் செருகிய ஒரு மெல்லிய பலகை, அதில் டன்னுக்குச் சில பவுன், அதைத் தொடர்ந்து கீழே போக வேண்டும். இனி ஊருக்குள் போகலாம்.

## கோட்டின் மேல் ஓர் ஊர்

நம் ஊர்களுக்கு ஒரு நடு உண்டு. கோயில் இருக்கும், அதைச் சுற்றித் தேர்வீதி, கொஞ்சம் தள்ளிச் சந்தை, வழித்தடம் கூடும் இடத்தில் கடைகள். கேஜிஎஃப் போனால் நடு எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள், கிடைக்காது. கோவையிலிருந்து பெங்களூர் ரயிலில் பங்காருப்பேட்டையில் இறங்கி (அன்று பவுரிங்பேட்டை), 1894ல் போட்ட கிளைப் பாதையில் மாரிகுப்பம் வண்டியைப் பிடித்தால் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். ரயில் போவது ஏறக்குறைய அந்த ரேகையை ஒட்டித்தான். வடக்கே பாலகாட், அப்புறம் நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், தெற்கே மைசூர் சுரங்கம். ஒரே ரேகையைக் கம்பெனிகள் துண்டு போட்டு எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆலை, தனிக் குடியிருப்பு. பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும் ஊருக்குக் காரணம் தரைக்கு மேலே இல்லை.

ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கோபுரம் உண்டு, அது இரும்புக் கோபுரம். நேராகக் கீழே இறங்கும் பெருங்குழிக்கு ஷாஃப்ட் என்று பெயர், தொழிலாளர் வாயில் சாப்டு. அதன் தலையில் நிற்கும் இரும்புச் சட்டத்தின் உச்சியில் ராட்சதச் சக்கரம், அதன் மேல் ஓடும் கம்பிக் கயிற்றில் ஆளை இறக்கும் கூண்டு. கிணற்றுக் கப்பியேதான், அளவு மட்டும் வேறு. எட்கர், ஹென்றி, கிஃபோர்ட் என்று சாப்டுக்கெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்.

வீடுகளைப் பார்த்தாலே யார் எங்கே நின்றார்கள் என்று தெரியும். அதிகாரிகளுக்கு மேட்டில் பங்களா, சரிந்த ஓட்டுக் கூரை, மர வேலைப்பாடு செய்த முகப்பு, நீண்ட வராந்தா, கோலார் வெயிலிலும் கணப்பு அடுப்புக்குப் புகைபோக்கி, சுற்றிலும் தோட்டம். கிளப், டென்னிஸ், கோல்ஃப், மாதா கோயில். குட்டி இங்கிலாந்து என்று பெயர் வந்தது இந்தப் பகுதியைப் பார்த்துத்தான். நடுவில் ஆங்கிலோ இந்தியர்களுக்குக் கொஞ்சம் சின்ன வீடுகள். கீழே, சாப்டுக்கும் ஆலைக்கும் பக்கத்தில், லைன். வரிசையாக ஒட்டி ஒட்டி ஒற்றை அறைகள், முதலில் மூங்கில் தட்டி, பிறகு தகரம். ஒரே ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் சங்கு ஊதியதும் நடந்து வர வேண்டும், ஆகவே லைன் சாப்டுக்கு எட்டிய தூரத்தில் இருக்க வேண்டும், தூசியும் அங்கேதான். பங்களா காற்று வரும் மேட்டுக்குப் போனது தற்செயல் இல்லை.

அந்த லைனில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போனவர்கள், அதில் பெரும்பங்கு தலித்துகள். சொந்த ஊரில் கிடைக்காத கூலியும் கொஞ்சம் தலைநிமிர்வும் அங்கே கிடைத்ததால்தான் அந்த வெக்கைக்குள் இறங்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பம் ஒரு முக்கியமான கிளையாக இருந்தது. தகரக் கொட்டகைக்குள் சங்கமும் பத்திரிகை வாசிப்பும் நடந்த ஊர் அது. குட்டி இங்கிலாந்து பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை, எனக்கு என்னமோ பங்களாவைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் பிறகு வந்த கடைவீதி ஊர்கள். நேர்கோட்டுத் தெருக்களோடு நமக்குப் பழக்கப்பட்ட ஊர் மாதிரி இருப்பது ராபர்ட்சன்பேட்டைதான்.

## உலக்கை, பாதரசம், சயனைடு

மேலே வந்த கல் என்ன ஆகும்? முதலில் இடிக்க வேண்டும். ஸ்டாம்ப் மில் என்பது வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள்தான், நெல் குத்துவது போலத் தூக்கித் தூக்கிப் போடும், ராத்திரி பகல் நிற்காது. மாவாக இடிந்த கல்லைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓட விடுவார்கள். உடைந்த தெர்மாமீட்டரைத் தொட்டு மோதிரத்தைக் கெடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைச் சுரண்டிச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் நிற்கும்.

ஆனால் மிக நுண்ணிய தங்கம் தகட்டில் சிக்காமல் ஓடிவிடும். இதற்கு ஸ்காட்லாந்தில் 1887ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சயனைடு கலந்த தண்ணீரில் காற்றுப் பட விட்டால், உப்புக் கரைவது போலத் தங்கம் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரில் துத்தநாகத்தைப் போட்டால் தங்கம் மறுபடி வெளியே வந்து படியும். கோலாருக்கு இது வந்த பிறகு கையை விட்டுப் போன தங்கமும் சேர்ந்து கிடைத்தது. மிஞ்சிய வெளுத்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது மலையானது. கேஜிஎஃப் படங்களில் பின்னணியில் மொட்டையாகத் தெரியும் குன்றுகள் இயற்கை இல்லை, இந்தச் சயனைடு மேடுகள்தான்.

## பத்து போர் ஆழம்

ஆயிரம் அடி போருக்கே நாம் தலையில் கை வைக்கிறோம். திருச்செங்கோட்டுப் போர் வண்டி பத்து முறை அவ்வளவு இறங்கினால் எவ்வளவோ, அவ்வளவு ஆழத்துக்குச் சாம்பியன் ரீஃபில் ஆட்கள் இறங்கினார்கள், 3 கிலோமீட்டருக்கு மேல். போர்க் குழாயின் அகலம் ஒரு சாண்கூட இருக்காது. அங்கே ஆள் நின்று வேலை செய்ய வேண்டும்.

ஆழம் கூடக் கூடப் பாறையின் சூடு ஏறும். அடித்தளத்தில் பாறை 65 டிகிரியைத் தாண்டும், மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பாவிட்டால் மனிதன் நிற்க முடியாது. அதைவிட மோசமானது பாறை வெடிப்பு. மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரத்தைத் தாங்கி நிற்கும் சுவரிலிருந்து கல்லை எடுத்துவிட்டால், மிச்சப் பாறை நெருக்கம் தாளாமல் சில சமயம் குண்டு போட்ட மாதிரி வெடித்துச் சிதறும். மேலே வீட்டில் பாத்திரம் அதிரும்போதே லைனில் இருக்கும் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும், சாப்டுப் பக்கம் ஓடுவார்கள். இதைத் தடுக்க உள்ளே கருங்கல் சுவர்கள் எழுப்பினார்கள். அந்த ஊரின் பெரிய கட்டடக்கலை உண்மையில் பூமிக்கு அடியில்தான் இருக்கிறது, யாரும் படம் எடுக்காத இடத்தில். தப்பித்தவர்களுக்கும் கல் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் சிலிக்கோசிஸ் காத்திருந்தது.

இவ்வளவையும் இயக்க மின்சாரம் எங்கிருந்து வந்தது? 1902ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து, சுமார் 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து. பெங்களூருக்கே 1905ல்தான் விளக்கு எரிந்தது. அங்கே விழுந்து தங்கம் இடித்த அதே காவிரிதான் மேட்டூர் வழியாகப் பவானி, ஈரோடு வருகிறது. 1930களில் பைகாரா மின்சாரம் கோவை மில்களுக்கு என்ன செய்ததோ, அதை முப்பது வருஷம் முன்பே சிவசமுத்திரம் சுரங்கத்துக்குச் செய்துவிட்டது.

## தீர்ந்துபோனதா?

1956ல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962ல் மத்திய அரசுக்குப் போனது, 1972ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. ஆக, வெள்ளைக்காரன் போன பிறகும் அரை நூற்றாண்டு வேலை நடந்திருக்கிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள்.

தங்கம் தீர்ந்ததால் மூடவில்லை. ஐந்து பவுனில் ஆரம்பித்த டன், கடைசியில் மூன்று நாலு கிராமுக்கு வந்துவிட்டது, அரைப் பவுன்கூட இல்லை. அதைத் தூக்கிவர மூன்று கிலோமீட்டர் கயிறு, குளிர்காற்று, ஓயாத தண்ணீர் இறைப்பு. பந்தலூரில் 1882ல் நடந்த அதே கணக்கு, கோலாரில் நூற்றிருபது வருஷம் தள்ளி வந்தது. இறைப்பதை நிறுத்தியதும் தண்ணீர் ஏறிச் சாப்டுகள் நிரம்பிவிட்டன. லைன் வீடுகளில் இருந்தவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன, மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் வெள்ளைத் தூசு கிளம்பி வீட்டுக்குள் சாதத்தட்டு வரை வரும். அந்த மண்ணில் டன்னுக்கு முழுசாக ஒரு கிராம்கூட இல்லை, ஆனால் தோண்ட வேண்டாம், இடிக்க வேண்டாம், மேலேயே கிடக்கிறது, தங்கம் விலையோ இப்போது எங்கேயோ நிற்கிறது. 13 மேடுகளை மறுபடி அரிக்கும் திட்டத்துக்கு 2024ல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஆசாரி கூட்டி வெச்ச தூசிய என்ன வெலைக்குக் குடுத்தாரு, கேக்காம வந்துட்டனே" என்றார்.